கரையில் நின்றவள் கலம் செலுத்தும்போது

1

கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் சொல்கிறது. அந்த நூற்பாவுக்குப் பொருள்கொள்வதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால் நெய்தல் திணையை வகுப்பில் நடத்துகிற எவருக்கும் அதன் நிழல் எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறது என்பது தெரியும். நெய்தலில் பெண்ணின் இடம் கரை. கடலுக்குள் போகிறவர்கள் அவளுடைய தந்தையும் அண்ணன்மாரும். அவளுக்கு ஒதுக்கப்பட்ட உரிப்பொருள் இரங்கல்.

பெருங்கடலைப் பாய்மரப் படகில் தன்னந்தனியாகக் கடந்த பெண்களின் நூல்களையும் அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவற்றையும் நான் இந்த வாசிப்புப் பழக்கத்தோடுதான் அணுகினேன். ஜோஷுவா ஸ்லோகம் 1895 முதல் 1898 வரை ‘ஸ்ப்ரே’ என்ற படகில் தனியாக உலகைச் சுற்றிவந்து, 1900இல் அதை நூலாக்கினார். இந்த எழுத்துவகையின் ஆதிநூல் அதுதான். ஒரு பெண் அதே காரியத்தைச் செய்து முடிக்க 1978 வரை ஆயிற்று. போலந்து நாட்டின் கிறிஸ்டினா ஹொய்னோவ்ஸ்கா-லிஸ்கியெவிச் கப்பல் கட்டும் பொறியாளர், அவர்தான் முதலாமவர். அதே ஆண்டில் நியூசிலாந்தில் பிறந்த நவோமி ஜேம்ஸ், 53 அடி நீளப் படகில் ஹார்ன் முனையைச் சுற்றி 272 நாட்களில் இங்கிலாந்து திரும்பினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அவர் சிகையலங்காரம் செய்பவராக இருந்தார். அவரைப் பற்றி எழுதியவர்கள் இந்தத் தகவலை ஒருபோதும் விடுவதில்லை.

இந்தக் கட்டுரையின் கேள்வி எளிமையானது. ஒரு பெரிய படகை ஒற்றை ஆளாகச் செலுத்துவதில் என்ன ஆபத்து இருக்கிறது? அந்த ஆபத்தை யார், எப்படிக் கணக்கிட்டு எழுதுகிறார்கள்? ஆபத்து உண்மையானது. அதை மறுத்துவிட்டுப் பெண்ணியம் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆணின் ஆபத்து சாகசம், பெண்ணின் ஆபத்து பொறுப்பின்மை என்று எழுதப்படுவது நமக்குப் பழகிய அநீதி. என்னை அதைவிட உறுத்துவது வேறு: இந்த எழுத்துகள் பெரும்பாலும் ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுகின்றன. பெண்ணின் உடலில் தேடுகின்றன.

2

பெரிய படகு என்பது சின்னப் படகின் நீட்டித்த வடிவம் அல்ல. வடிவம் மாறாமல் ஒரு படகின் நீளத்தை இருமடங்காக்கினால், பாயின் பரப்பு நான்கு மடங்காகும். எடை எட்டு மடங்காகும். காற்றின் வேகம் 20 நாட்டிலிருந்து 40 நாட்டாக ஏறினால், பாயின்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். இத்தனை பெருக்கலிலும் மாறாமல் நிற்பது ஒன்றுதான்: மாலுமியின் இரண்டு கை.

பிறகு ஏன் பெரிய படகை நாடுகிறார்கள்? நீரைத் தொடும் நீளம் கூடக்கூடப் படகின் வேகம் கூடும். பெரிய படகு பேரலைகளையும் நன்றாகத் தாங்கும். அதனால் பந்தயக்காரர்கள் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கை செய்ய முடியாததைப் பல்சக்கர வின்ச்சும், சுக்கானைப் பிடிக்கும் ஆட்டோபைலட்டும் செய்தன. இந்தக் கருவிகள் ஓடும்வரை பெரிய படகு அடக்கமான பிராணி. ஒரு கயிறு அறுந்தால், மின்சாரம் நின்றால், அது தன் உண்மையான எடைக்குத் திரும்பிவிடும். நூறு சதுர மீட்டருக்கும் மேற்பட்ட நனைந்த பாய் தளத்தில் சரிந்து கிடக்கும்போது அதை எடுத்துக் கட்ட ஓர் ஆள் போதாது. துறைமுகத்தில் படகைக் கட்டுவதும் அப்படித்தான். பல டன் எடையுள்ள படகைப் பக்கக்காற்று தள்ளிக்கொண்டிருக்கும்போது சுக்கானில் ஒருவர் இருக்க வேண்டும், கயிற்றோடு இன்னொருவர் கரைக்குத் தாவ வேண்டும். தனியாள் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. சாகச நூல்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிப்போய்விடும். புயல்தான் வீரத்துக்குப் பொருத்தமான பின்னணி. துறைமுகச் சுவரில் இடித்துக்கொள்வது அப்படியல்ல.

இந்தப் பெருக்கத்தின் உச்சம் 1976. பிரெஞ்சு மாலுமி அலான் கோலா, ‘கிளப் மெடிட்டரானே’ என்ற 236 அடி நீளமுள்ள நான்கு பாய்மரக் கலத்தை அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நங்கூரக் கயிறு சுற்றி அவருடைய வலது பாதம் ஏறக்குறைய துண்டாகிப்போயிருந்தது. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் அந்தக் காலோடு வந்தார். நடுவழியில் பாய் ஏற்றும் கயிறுகள் பழுதாகி நியூஃபவுண்ட்லாந்தில் கரையொதுங்க வேண்டியிருந்தது. அங்கிருந்து புறப்படும்போது பிறர் உதவியைப் பெற்றதற்காக நேரத் தண்டனை விதிக்கப்பட்டு, இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். அடுத்த பந்தயத்தில் படகின் நீளத்துக்கு 56 அடி என்று உச்சவரம்பு வந்தது.

கோலாவைப் பற்றி வாசிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். காயம்பட்ட காலோடு எழுபது மீட்டர்க் கலத்தைத் தனியே ஓட்டப் போனவரின் முடிவு பேராசை என்று விமர்சிக்கப்பட்டிருக்கிறது, பைத்தியக்காரத்தனம் என்றுகூட. ஆனால் ‘ஓர் ஆணால் இது முடியுமா?’ என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய தோல்வி அவருடையது மட்டுமே. எந்த ஆணின் தகுதியும் அதனால் குறையவில்லை. 1978 நவம்பரில் அவர் ‘மனுரேவா’ என்ற படகோடு அட்லாண்டிக்கில் காணாமல் போனார். அடுத்த ஆண்டே அந்தப் படகின் பெயரில் ஒரு பாட்டு பிரான்சு முழுவதும் ஒலித்தது.

3

எலன் மெக்கார்தர் இங்கிலாந்தின் உள்நாட்டுப் பகுதியான டார்பிஷயரில் வளர்ந்தவர். பள்ளி மதிய உணவுக் காசை மிச்சம்பிடித்துத் தன் முதல் படகை வாங்கியவர். 2001இல், 24 வயதில், 60 அடிப் படகோடு ‘வான்தே குளோப்’ என்ற இடைநில்லாத் தனியாள் உலகப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது 94 நாள். 2005 பிப்ரவரியில் 75 அடி மூவுடல் படகில் 71 நாள் 14 மணி 18 நிமிடம் 33 விநாடியில் உலகைச் சுற்றிவந்து, அன்றைய தனியாள் சாதனையை முறியடித்தார்.

அவரைப் பற்றிய ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் அவருடைய உயரம் வந்துவிடும். ஐந்தடி இரண்டங்குலம். ‘இவ்வளவு சிறிய பெண், அவ்வளவு பெரிய படகு’ என்ற எதிர்நிறுத்தல் எழுதுபவருக்கு உடனே கைகொடுக்கிறது. பாராட்டுகிறவர்களும் சந்தேகிக்கிறவர்களும் இதே வாக்கியத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோலாவின் 236 அடிக்கு முன்னால் எந்த ஆணும் சிறிய உடல்தான். அங்கே அந்த எதிர்நிறுத்தல் உடலைப் பற்றியதாக ஆகவில்லை, மனவலிமையைப் பற்றியதாக ஆயிற்று.

இந்த வாக்கியம் மறைக்கும் செய்தி ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டுச் சாதனைப் படகு மெக்கார்தருக்காகவே வடிவமைக்கப்பட்டது. கருவிகளின் உயரமும் கைக்கெட்டும் தூரமும் அவருடைய உடலளவை வைத்துத் தீர்மானிக்கப்பட்டன. அதாவது ‘உடல் போதாது’ என்ற பிரச்சினை உடலில் இருக்கவில்லை. அதுவரை கட்டப்பட்ட படகுகளில் எந்த உடல் இயல்பானதாகக் கொள்ளப்பட்டது என்பதில் இருந்தது. அடுக்களை மேடையின் உயரம் முதல் பேருந்துக் கைப்பிடியின் உயரம் வரை இந்தச் சிக்கலை அறிந்தவர்கள் நாம். பேருந்துக் கைப்பிடி எட்டாதவளிடம் ‘நீ குட்டை’ என்கிறோம், கைப்பிடி உயரத்தில் இருக்கிறது என்று சொல்வதில்லை.

உடல் அங்கே ஒன்றுமேயில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் மின்னாக்கியில் பட்டு அவர் கை வெந்தது. ஏறக்குறைய 30 மீட்டர் உயரப் பாய்மரத்தில் தனியாக ஏறிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. கடல் ஆடும் ஆட்டம் பாய்மர உச்சியில் பல மடங்காகும். ஏறுகிறவர் மரத்தில் மோதிமோதிக் கன்றிப்போய்த்தான் இறங்குவார். எந்த உடலுக்கும் இதே அடிதான். கயிற்றை இழுக்கும் பலத்தைவிட, எப்போது பாயைச் சுருக்க வேண்டும் என்ற அறிவுதான் தனியாளைக் காப்பாற்றுகிறது. காற்று ஏறிய பிறகு சுருக்கப் போனால் பாய் நான்கு மடங்கு கனக்கும். ஏறுமுன் சுருக்கினால் ஓர் ஆளின் கைக்குள் அடங்கும். இது முன்கூட்டியே பார்த்து நடந்துகொள்ளும் திறன். நம் வீடுகளில் இந்தத் திறனைப் பெண்களிடம் தினமும் எதிர்பார்க்கிறார்கள். அதற்குத் திறன் என்று பெயர் மட்டும் வைப்பதில்லை.

மெக்கார்தர் படகிலிருந்து அனுப்பிய காணொளிகளில் அழுதார். களைப்பும் பயமும் அப்படியே பதிவாயின. பிரித்தானியப் பத்திரிகைப் பத்தியாளர்கள் சிலர் அந்த அழுகையைக் கேலி செய்தார்கள். எனக்கு அந்த அழுகை ஒரு பிரதி. பத்து வாரங்கள் துண்டுதுண்டாகத் தூங்கிய ஒருவரின் நரம்புகள் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் இல்லை. அழுதுகொண்டே அவர் பாயைச் சுருக்கினார், பழுதைச் சரிசெய்தார். அழுகையை வேலைக்கு எதிரானதாக வாசிப்பவர் அழுதுகொண்டே வேலை செய்ததில்லை போலும்.

4

தனியாள் மாலுமிக்கு முதல் எதிரி புயல் என்று நினைத்திருந்தேன். வாசித்த பிறகு தெரிந்தது, படகைவிட்டு விழுவதுதான். படகு 10 நாட் வேகத்தில் போனால் விநாடிக்கு ஐந்து மீட்டர் நகர்கிறது. ஒரு நிமிடத்தில் முந்நூறு மீட்டர். ஆட்கள் இருக்கும் படகில் ஒருவர் விழுந்தவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் படகைத் திருப்புவார். தனியாளின் படகை ஓட்டுவது இயந்திரம். எஜமானி விழுந்தது தெரியாமல் அது விசுவாசமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஃப்ளோரன்ஸ் ஆர்தோ 1990இல் ‘ரூட் து ரம்’ பந்தயத்தில், சான் மாலோவிலிருந்து குவாதலூப் வரை மூவுடல் படகைத் தனியாக ஓட்டி, ஆண்கள் எல்லோரையும் முந்தி வென்றவர். அப்படி வென்ற பிறகும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அவருக்கு நிலைத்த பட்டப்பெயர் ‘அட்லாண்டிக்கின் குட்டி மணப்பெண்’. அந்தக் கடலை வென்ற ஆணை யாரும் அதன் மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. கடலோடு ஆணுக்குப் போர், பெண்ணுக்குக் கல்யாணம்.

2011 அக்டோபர் இறுதியில் ஓரிரவு, கோர்சிகாத் தீவின் வடமுனைக்கு அருகே, சிறிய படகொன்றில் தனியாகப் போய்க்கொண்டிருந்த ஆர்தோ கடலில் விழுந்தார். மிதவைச்சட்டை இல்லை. தலைவிளக்கும், நீர்புகாத கைபேசியும் இருந்தன. தாயை அழைத்தார். தாய் மகனுக்குச் சொன்னார், மகன் மீட்புப்படைக்குச் சொன்னார். சில மணி நேரத்துக்குப் பின், உடல் விறைத்த நிலையில் ஹெலிகாப்டர் அவரைத் தூக்கியது. 2015 மார்ச்சில் அர்ஜென்டினாவில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தார். அந்த இரவைப் பற்றி அவர் எழுதிய நூல் அதே ஆண்டில் வெளிவந்தது.

எப்படி விழுந்தார் என்பதை அவர் மறைக்கவில்லை: சிறுநீர் கழிக்கப் படகின் ஓரத்துக்குப் போனபோது விழுந்தார். கடலோடிகள் எல்லோரும் அறிந்த ஆபத்து இது. ஆண்கள் இப்படி விழுந்து இறந்ததைப் பற்றிப் படகுத்துறைகளில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள், காவியத்தில் எழுதமாட்டார்கள். நூறு பேரலைகளைக் கடந்தவரை ஒரு தேகத்தேவை கொன்றது என்று எழுதினால் வீரம் கெட்டுவிடும். ஆர்தோ எழுதினார். கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் இடத்தையும் கணக்கிட்டுத் தண்ணீர் குடிக்கும் மாணவிகளுக்கு இந்தப் பக்கங்களைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் சிரிக்கவில்லை. ‘இதைக்கூட எழுதலாமா மேடம்?’ என்று ஒருத்தி கேட்டாள். இதை எழுதியதால்தான் அது நல்ல நூல் என்றேன்.

அந்தத் தொலைபேசி அழைப்பையும் பாருங்கள். ‘தனியாக’ என்ற சொல் அங்கே உடைகிறது. நடுநிசியில் ஒரு தாய் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் அந்தக் கதை இல்லை. தனியாள் பயணங்களின் பின்னால் படகு கட்டியவர்கள், வானிலை சொல்பவர்கள், பழுதுபார்ப்பவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் இருக்கிறது. ஆண் மாலுமிகளின் நூல்களில் அவர்கள் நன்றியுரையில் வருவார்கள். ஆர்தோவின் கதையில் தாய் மையத்தில் வருகிறார்.

5

இனி, எனக்குச் சங்கடமான இடம்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டுச் சர்வதேச விதிகளில் ஐந்தாம் விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் முறையாகக் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. எந்நேரமும். தூங்காமல் இருக்க எந்த மனிதராலும் முடியாது. ஆகவே ஒரு நாளுக்கு மேல் நீளும் ஒவ்வொரு தனியாள் பயணமும் இந்த விதியை மீறித்தான் ஆக வேண்டும். இருபது, முப்பது நிமிடத் தூக்கமும், அருகில் கப்பல் வந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் மீறலைக் குறைக்கும், நீக்காது.

2009 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஜெசிகா வாட்சன், 16 வயதில், உலகப் பயணத்துக்கு முன்னோட்டமாகப் புறப்பட்ட முதல் இரவே, சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் அவருடைய 34 அடிப் படகு பெரிய சரக்குக் கப்பலொன்றில் மோதியது. இரு கலங்களிலும் முறையான கண்காணிப்பு இல்லை என்று விசாரணை சொன்னது. சிறுமியை அனுப்பாதீர்கள் என்ற குரல்கள் உரத்தன. அவர் போனார், 2010 மே மாதம் 210 நாள் பயணத்தை முடித்துத் திரும்பினார். 2021 ஜனவரியில் ‘வான்தே குளோப்’ பந்தயத்தின் முன்வரிசையில் வந்துகொண்டிருந்த ஜெர்மானியர் போரிஸ் ஹெர்மனின் படகு, முடிவுக்கோட்டுக்குச் சுமார் 90 கடல்மைல் இருக்கையில் மீன்பிடிப் படகொன்றில் மோதியது. அவரும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அனுபவம் மிக்க ஆண், அதிநவீனப் படகு, அத்தனை கருவிகள். மோதலுக்கு வயதும் பாலினமும் காரணமல்ல, தூக்கம்தான் காரணம் என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் பார்க்கலாம். முதல் மோதலில் மட்டும்தான் ‘இவளை ஏன் அனுமதித்தார்கள்?’ என்று கேட்டார்கள்.

ஆனால் இந்த ஒப்பீட்டோடு நிறுத்திக்கொண்டால் நான் தப்பித்துவிடுகிறேன். ஹெர்மனின் படகு மோதிய மீன்பிடிப் படகில் ஆட்கள் இருந்தார்கள். அன்று யாருக்கும் காயமில்லை. அறுபது அடிப் படகு இருட்டில் பாய்ந்து வரும்போது, கருவி எதுவும் இல்லாத சின்ன வள்ளம் எதிரில் இருந்தால் என்ன ஆகும்? 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து சென்ற விசைப்படகைக் கப்பலொன்று மோதிவிட்டுப் போனபோது இறந்தவர்களில் பலர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். அந்தக் கப்பலை ஓட்டியது தனியாள் அல்ல. கண்காணிக்க ஆட்கள் இருந்தும் அது நடந்தது. கண்காணிப்பு விதி யாருடைய உயிருக்காக எழுதப்பட்டது என்பதை அந்தக் கரையோர வீடுகள் அறியும். ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைக்க உரிமை உள்ளவள். அந்த உரிமைக்காக நான் எந்த மேடையிலும் வாதாடுவேன். எதிரில் வரும் வள்ளத்தின் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும், ஆணுக்கோ பெண்ணுக்கோ, அப்படியோர் உரிமை இல்லை. பெரிய படகைத் தனியாகச் செலுத்துவதன் உண்மையான அறச்சிக்கல் இதுதான். நூற்றாண்டு காலமாக வந்த சாகச நூல்கள் இதன்மேல் ஓரிரு பத்திகளுக்குமேல் செலவழிப்பதில்லை.

6

இன்னொரு கணக்கு, மீட்புச் செலவு. 2010 ஜூனில் அமெரிக்காவின் 16 வயது ஆபி சண்டர்லாந்தின் பாய்மரம் இந்தியப் பெருங்கடலில் முறிந்தது. ஆஸ்திரேலியா பயணிகள் விமானமொன்றை அனுப்பித் தேடியது. பிரெஞ்சு மீன்பிடிக் கப்பலொன்று அவரை மீட்டது. உடனே உலகெங்கும் ஒரே கேள்வி: இந்தப் பெற்றோர் என்ன பெற்றோர்? அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய அண்ணன் சாக், 17 வயதில், தனியாக உலகைச் சுற்றி முடித்திருந்தார். பெற்றோர் அதே பெற்றோர். தெற்குக் கடலில் குளிர்காலம் தொடங்கிய பின் அந்த வழியில் போனது பெரும்பிழை என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அது பருவத்தைப் பற்றிய விமர்சனம், மகளைப் பற்றியதல்ல. 1997இல் டோனி புல்லிமோரையும் தியெரி துபுவாவையும் ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டபோதும் செலவுக் கேள்வி எழுந்தது. அப்போது பந்தயத்தை நடத்துபவர்களைக் கேட்டார்கள். அந்த ஆண்களின் வீட்டாரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

மீட்கப்பட்டவர்களையும் மீட்டவர்களையும் ஒருசேரப் பார்க்க இசபெல் ஓதிசியேவை வாசிக்க வேண்டும். பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் பெண் அவர். 1994 இறுதியில் தெற்குப் பெருங்கடலில் படகு சிதைந்து, ஆஸ்திரேலியக் கடற்படை ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டார். 1997 ஜனவரியில், காணாமல் போன சக போட்டியாளர் ஜெரி ரூஃபைத் தேடிப் புயலுக்குள் படகைத் திருப்பினார், முடியாமல் திரும்பினார். 1999இல் பசிபிக்கில் அவர் படகு கவிழ்ந்தபோது, அதே பந்தயத்தில் இருந்த இத்தாலியர் ஜொவானி சொல்தினி வழிமாறி வந்து அவரைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். பெற்றதும் கொடுக்க முயன்றதும் ஒரே வாழ்க்கையில். 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர், படகு மூழ்கி மிதவைப் படகில் கிடந்த பின்லாந்துக்காரர் டாபியோ லேஹ்தினெனை இரவெல்லாம் சுக்கான் பிடித்துப் போய் மீட்டார். சரக்குக் கப்பலில் அவரை ஏற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்தார். 2023 ஏப்ரலில் அந்தப் பந்தயத்தில் அவரே முதலில் வந்தார். இரண்டாவது வந்தவர் நம் அபிலாஷ் டோமி.

தனியாளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இன்னொரு தனியாள்தான். இந்த உலகத்தின் அறம் அதுதான். ‘ஒருவன், ஒரு படகு, ஒரு கடல்’ என்ற வீரக்கதை இதைச் சொல்வதில்லை.

7

ஆபத்து என்ற சொல்லுக்கு வியாபாரத்தில் வேறு பொருள் உண்டு. கிளாரிஸ் கிரேமர் 2021இல் ‘வான்தே குளோப்’ பந்தயத்தை 87 நாளில் முடித்தவர். 2022 நவம்பரில் குழந்தை பெற்றார். அடுத்த பந்தயத்துக்குத் தகுதிபெறக் குறிப்பிட்ட தூரப் பந்தயங்களை ஓடியிருக்க வேண்டும் என்ற புதிய விதியில் மகப்பேற்றுக்கு இடமில்லை. மூன்றே மாதத்தில் அவருடைய புரவலரான ‘பாங்க் போப்புலேர்’ அவரைக் கைவிட்டது. அவர் தகுதி பெறாமல் போகக்கூடும் என்பதே வங்கியின் கணக்கு. பலத்த கண்டனம் எழுந்தது. வேறு புரவலர் கிடைத்து, 2024இல் அவர் மீண்டும் புறப்பட்டார்.

அறுபது அடிப் படகைத் தனியாக உலகைச் சுற்றி ஓட்டிக் காட்டியவரிடம் அலையோ தூக்கமின்மையோ ஆபத்தாகக் கருதப்படவில்லை. குழந்தை ஆபத்தாகக் கருதப்பட்டது. கல்லூரி வேலைக்கான நேர்காணல்களில் ‘கல்யாணம் எப்போது?’ என்ற கேள்வியைக் கேட்டவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது.

இதற்கு எதிரில் டோனல்ட் குரோஹர்ஸ்டின் கதையை வைத்துப் பாருங்கள். 1968இல் முதல் இடைநில்லாத் தனியாள் உலகப் பந்தயத்துக்கு ஆயத்தமில்லாத 40 அடிப் படகில் புறப்பட்டார். பயணம் தோற்றால் படகைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று புரவலரோடு ஒப்பந்தம். அது குடும்பத்தைத் திவாலாக்கும். மனைவி கிளேர், நான்கு பிள்ளைகள். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு பொய்யான இருப்பிடங்களை அனுப்பினார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. இதைப் பற்றி நூல்களும் ஆவணப்படமும் திரைப்படமும் வந்திருக்கின்றன. எல்லாமே அவருடைய மனச்சிதைவின் ஆழத்துக்குள் இறங்குகின்றன. மூவுடல் படகு புறப்படும் முன்பே ஆபத்தின் பெரும்பங்கு கரையில் இருந்த ஒரு பெண்ணின் பெயருக்கு மாற்றப்பட்டிருந்ததை நான் அவற்றில் ஓரத்தில்தான் தேடிக் கண்டேன். வீட்டை அடகில் வைத்துத் தந்தை போகலாம், அது துன்பியல் காவியம். தாய் புரவலரோடு போனாலும் அது விதிமுறைச் சிக்கல்.

8

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘ஐஎன்எஸ்வி தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரக் கலம் புறப்பட்டது. அதில் இருவர் மட்டும்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். ஹார்ன் முனையைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஒருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருந்தார். ஐந்தாம் விதியை மீறாமல் பெரிய கலத்தை மிகக் குறைந்த ஆளோடு செலுத்தும் வழி அது. ‘சிங்கப்பெண்கள்’ என்று நாம் கொண்டாடினோம். கொண்டாட்டத்தில் குறை காண மாட்டேன். ஆனால் இந்தச் சொல்லும் அவர்களுடைய வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. யார் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள், எப்போது பாயைச் சுருக்கினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதை அவர்களே எழுத வேண்டும். அதைத் தமிழில் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆபத்தான காரியம் செய்த பெண்ணைப் பற்றி எதை வாசித்தாலும் மூன்று கேள்விகளைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்த ஆபத்து எங்கே இருக்கிறது: அவள் உடலிலா, கருவியிலா, விதியிலா, பணத்திலா? அது வேறு யார்மீதெல்லாம் விழுகிறது? இதே கணக்கை ஓர் ஆணுக்கும் போட்டார்களா? இரண்டாம் கேள்வியை நம் சார்பில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். அதை விட்டுவிட்டுச் செய்யும் பாராட்டு ஸ்லோகம் காலத்து வீரக்கதையையே பெண்பாலில் திரும்பச் சொல்வதாகிவிடும். ஆர்தோவும் மெக்கார்தரும் அதைச் செய்யவில்லை. விழுந்ததையும் அழுததையும் தாயை அழைத்ததையும் மறைக்காமல் வைத்தார்கள். நெய்தலின் இரங்கல் கரையிலிருந்து படகுக்கு ஏறியிருக்கிறது. ஏறியவள் கையில் இப்போது கயிறும் சுக்கானும் இருக்கின்றன, இரங்கலும் கூடவே இருக்கிறது.